பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிற பையனும் மாமா கடை நோட்டும்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. தனியார் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஆறு மாதமாகக் காலையில் யூனிஃபார்ம் போட்டதும் வயிற்றுவலி என்கிறான். ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. தமிழ் மிஸ் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாளிலிருந்துதான் இது. "இனிமே ஸ்கூலுக்குப் போகலை, நானே படிச்சுக்கறேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறான். என் தம்பி மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். அங்கே விட்டால் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பான். எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது எத்தனை சுற்று, எந்த கேஜ் (தடிமன்) கம்பி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். அந்த நோட்டில் மட்டும் கையெழுத்து அழகாக இருக்கிறது. உறவுக்காரர் ஒருவர் வீட்டுக் கல்வி, சுயவழிக் கல்வி பற்றிய வீடியோக்களாக அனுப்புகிறார். இங்கே ஒரு 'ஹோம் ஸ்கூலிங் சென்டர்' வருடத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறது. கணவருக்கு பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். நான் வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். மாமியார் "படிக்காத பையன்னு ஊரு சொல்லணுமா" என்று அழுகிறார். பையனை நிறுத்தலாமா? சட்டப்படி தப்பா? பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எப்படி வாங்குவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டம், சான்றிதழ், 60,000 ரூபாய் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி: "தமிழ் மிஸ் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாளிலிருந்துதான்." உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வயிறு வலிக்கிறதா? மாமா கடைக்குக் கிளம்பும்போது? வலிக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக அவன் நடிக்கிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயத்தில் வயிறு பிசைவது உண்மையான வலிதான், ஸ்கேனில் தெரியாது, அவ்வளவே. கேள்வி என்னவென்றால், அந்த வகுப்பில் அன்று நடந்தது என்ன? வாசிக்கத் தெரிந்த பையனைத் திட்டியோ கேலி செய்தோ அவமானப்படுத்திவிட்டார்களா? அல்லது வாசிப்பதே அவனுக்குக் கஷ்டமாக இருந்து, அதுவரை எப்படியோ மறைத்துவந்தது அன்று நாற்பது பேர் முன்னால் வெளியே வந்துவிட்டதா?

முதலாவது என்றால் வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், சண்டை போட அல்ல, விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்காக. பேசிப் பயனில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098-உம் இருக்கிறது.

இரண்டாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வீட்டில் இன்றைக்கே பாருங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், ஏதாவது ஒரு பத்திரிகையை வாசிக்கச் சொல்லுங்கள். வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறானா? நீளமான சொல்லில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா? கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மிஸ் அழித்துவிடுகிறார் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறானா? வாயால் கேட்டால் பதில் சொல்கிற பையன், தாளில் எழுதச் சொன்னால் வெறும் தாளைக் கொடுக்கிறானா? இவற்றில் பாதிக்கு மேல் ஆமாம் என்றால் கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்ஸியா, இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்றே பல வருடங்களாக இயங்குகிறது. தனியாரிடம் போனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பாருங்கள். உறுதியானால், தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. இந்தச் சான்று கையில் இருந்தால் இதே பள்ளியோ வேறு பள்ளியோ அவனுக்குப் போகக்கூடிய இடமாக மாறலாம்.

இதை முதலில் பேச இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் வீட்டுக் கல்வி என்றால் நடைமுறையில் என்ன? பிள்ளை தானே புத்தகத்தை எடுத்து வாசித்து, தானே புரிந்துகொண்டு, போய்த் தேர்வு எழுதுவது. வாசிப்பில் தடுமாறுகிற பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கையில் ஐந்து புத்தகங்களைக் கொடுத்தால் அவனுக்குக் கஷ்டமான வேலையே மிச்சமாகும். பள்ளியில் வாசிக்கத் தெரியாததை ஈடுகட்ட ஆசிரியர் நடத்துவதைக் காதால் கேட்டாவது தப்பித்தான். வீட்டில் அதுவும் இருக்காது.

சரி, உறவுக்காரர் அனுப்பும் வீடியோக்களுக்கு வருவோம்.

அவை சொல்வது பொய்யில்லை. ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970-களிலேயே பள்ளி வேண்டாம், பிள்ளை தன் ஆர்வத்தின் வழியே கற்கட்டும் என்று பேச ஆரம்பித்தார். 1968-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சட்பரி வேலி என்ற பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பாடத்திட்டம் கிடையாது, பிள்ளைகள் கேட்டால்தான் வகுப்பு. ஆனால் வீடியோவில் காட்டாத பாதி ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் சின்னப் பையனும் பெரிய பையனும் கலந்து கிடப்பார்கள், கேட்டால் உதவப் பெரியவர்கள் இருப்பார்கள், விதிகளைப் பிள்ளைகளும் ஊழியர்களும் ஆளுக்கொரு ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதாவது நாள் முழுக்க ஆட்கள். நம் பக்கம் எடுத்துக்கொண்டாலும், ஆரோவில்லில் நடக்கிற பரிசோதனைகள், திருவண்ணாமலை அருகே மருதம் பண்ணைப் பள்ளி, தருமபுரி மாவட்டம் சித்திலிங்கியில் மலைவாழ் பிள்ளைகளுக்காக உருவான துளிர், எல்லாமே ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு நடக்கிறவை. தனியாக ஒரு பையன், ஒரு செல்போன், பூட்டிய வீடு என்பதற்கு யாரும் சுயவழிக் கல்வி என்று பெயர் வைக்கவில்லை.

அதனால் நான் உங்களிடம் கேட்கிற கேள்வி உங்கள் மகனைப் பற்றியது அல்ல. அவன் தானே கற்பான், அந்த நோட்டே சாட்சி. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை அவனோடு யார் இருப்பார்கள்? கணவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவார். நீங்கள் மெஷினில் உட்கார்ந்திருப்பீர்கள். பீஸ் ரேட் வேலையில் ஒரு மணி நேரம் எழுந்தால் அந்த ஒரு மணி நேரக் கூலி போச்சு, இது எனக்கும் தெரியும், உங்கள் மகனுக்கும் தெரியும். அவன் சந்தேகம் கேட்கவே யோசிப்பான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டுக் கல்வி பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் சம்பளத்தை விட்டுவிட்டு உட்காரக்கூடிய ஒருவர் இருக்கிறார், அதை அவர்கள் சொல்வதில்லை. கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகவில்லையே என்று கோயம்புத்தூர்ப் பக்கம் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அவர் ஜி.டி. நாயுடு. அந்தக் காலத்தில் பள்ளிக்குப் போகாமல் இருந்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது அந்த நோட்டு. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பள்ளி நோட்டை விட அது முக்கியம்.

உங்கள் தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 22 கேஜ் கம்பி கடையில் இல்லை என்றால் என்ன செய்வாய்? 25 கேஜில் இரண்டு கம்பி சேர்த்துச் சுற்றுவேன் என்பார். ஏன் இரண்டு, ஏன் 25? அனுபவத்தில் சொல்வார், அல்லது சுவரில் ஒட்டிய சார்ட்டைக் காட்டுவார். இந்த இடத்தில்தான் உங்கள் மகனுக்கு ஒரு பெரியவர் தேவை. 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.711 மில்லிமீட்டர். 25 கேஜின் விட்டம் 0.508. பாதி இல்லை, பாதிக்கு நிறைய மேலே. பிறகு எப்படி இரண்டு 25 ஒரு 22-க்குச் சமமாகும்? மின்சாரம் ஓடுவது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பில். பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆரம் விட்டத்தில் பாதி என்பதால் விட்டத்தின் வர்க்கத்தை வைத்தே ஒப்பிடலாம். 0.711-ஐ 0.711-ஆல் பெருக்கினால் சுமார் 0.506. 0.508-ஐ அதே போலப் பெருக்கி இரண்டு மடங்காக்கினால் சுமார் 0.516. கிட்டத்தட்ட ஒன்றுதான். வட்டத்தின் பரப்பளவு என்று பாடப் புத்தகத்தில் அவன் தூங்கிப்போகிற அதே கணக்கு இது. இங்கே தப்பாகப் போட்டால் மோட்டார் சூடாகி வார்னிஷ் நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. கடைக்கு வரும் த்ரீ ஃபேஸ் மோட்டார்களின் நேம் பிளேட்டில் 1440 ஆர்.பி.எம். என்று அடிக்கடி பார்த்திருப்பான். 50 ஹெர்ட்ஸ் கரண்ட், நான்கு போல் (காந்த முனை) என்றால் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. மோட்டார் மட்டும் ஏன் 60 சுற்றுப் பின்தங்குகிறது? இதை அவனிடம் கேட்டுவிட்டு விடையைச் சொல்லாமல் விட்டுப் பாருங்கள். சதவீதமும் வரும், இயற்பியலும் வரும். பதில் தேடி அவன் எதையாவது வாசிக்க உட்கார்ந்தால் அந்த வாசிப்புக்கு நின்றுகொண்டு வாசித்ததின் பயம் இருக்காது.

இந்த மாதிரிக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் ஊரில் பாலிடெக்னிக் முடித்த யாராவது, ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவராக இருக்கலாம். வாரம் இரண்டு சாயங்காலம் போதும். 60,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

ஆனால் மாமா கடையில் ஒரு எல்லை உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் உதவலாம், அந்தக் குடும்பம் என்ற சொல்லுக்குள் தாய்மாமனும் வருகிறார். ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ மட்டும்தான், அதுவும் ஆபத்தான வேலை கூடாது. பள்ளியை நிறுத்திவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கடையில் உட்கார வைத்தால் அது உதவி அல்ல, வேலை. மாமா மனசார நல்லவராக இருக்கலாம். ஆனால் சீசனில் பம்ப்செட் மோட்டார்கள் வரிசையாக வந்து நிற்கும்போது "டேய், இதைக் கொஞ்சம் பிரிச்சு வை" என்பது தானாக வரும். ஒரு வருடத்தில் அவன் சம்பளமில்லாத ஹெல்பர் ஆகியிருப்பான். எரிந்த மோட்டாரிலிருந்து பழைய கம்பியை எடுக்க சில கடைகளில் நெருப்பு வைப்பார்கள். அந்தப் புகையிலும் வார்னிஷ் அடிக்கும் இடத்திலும் அவன் நிற்கவே கூடாது. கரண்ட் கொடுத்து டெஸ்ட் பண்ணும்போது தள்ளி நிற்க வேண்டும். இதைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சட்டக் கேள்விக்கு நேர் பதில்: 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 10-ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக் கல்வியை அனுமதிக்கிறோம் என்றும் அதில் இல்லை. நடப்பில் என்ன ஆகும் என்றால், அவன் பெயர் எமிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவில் இருக்கிறது, தொடர்ந்து வராவிட்டால் இடைநின்ற மாணவர் பட்டியலில் ஏறும், யாராவது வீட்டுக்கு வந்து கேட்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, மரியாதையாகப் பதில் சொல்லலாம். ஆனால் பாதியில் நிறுத்தினால் கையில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருக்காது, டி.சி. வாங்குவதற்கே ஃபீஸ் பாக்கி என்று இழுக்கும் பள்ளிகளும் உண்டு.

சான்றிதழுக்கு இரண்டு வழிகள். ஒன்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, எல்லோரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1989-இல் தொடங்கப்பட்டது. 14 வயது நிரம்பியதும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடங்கள், ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை, பதிவு ஐந்து வருடம் செல்லும், இரண்டு பாடம் இப்போது, மீதி அப்புறம் என்று பிரித்து எழுதலாம். 33 மதிப்பெண் தேர்ச்சி. வீட்டில் எழுதித் தரும் பயிற்சிக்கும் ஒரு பங்கு மதிப்பெண் உண்டு. உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரித்து எழுதும் வசதி பெரிய நிம்மதி. ஒரு எச்சரிக்கை: சுலபம் என்று யார் சொன்னாலும் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பையனுக்கு நாளைக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான். தமிழ்நாடு அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழை இணையாக ஏற்பது அவ்வப்போது வரும் அரசாணையைப் பொறுத்தது, சேரும் நேரத்தில் நடப்பு ஆணையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து, ஒதுக்கும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அந்த வருடத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. மாநிலச் சான்றிதழ் என்பதால் இணைத்தன்மைப் பேச்சே எழாது. கேம்பிரிட்ஜ் தேர்வுகளும் இருக்கின்றன, செலவைக் கேட்டால் அதைப் பற்றி நாம் மேலே பேச மாட்டோம்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் நிறுத்துவதற்கு முன் நூறு தடவை யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இவையெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்திருந்தால்தான்.

திருப்பூர் சகோதரிக்கு என் முடிவான கருத்து: இப்போது நிறுத்த வேண்டாம். எட்டாம் வகுப்பு முடிய இன்னும் சில மாதங்கள்தான். மேலே சொன்ன பரிசோதனையை இந்த மாதமே செய்யுங்கள், வாசிக்கச் சொல்லி நிற்க வைக்க வேண்டாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுங்கள். "ஏப்ரல் வரைக்கும் போ, மே மாசம் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம், உன் பேச்சைக் கேட்போம்" என்று அவனிடம் அப்பா சொல்ல வேண்டும். முடிவு தெரியாமல் இருப்பதுதான் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். தேதி தெரிந்தால் பல பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள்.

கோடை விடுமுறையை வெள்ளோட்டமாக வையுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் அவனே தேர்ந்தெடுத்த படிப்பு, சாயங்காலம் மாமா கடை, வாரம் இரண்டு நாள் அந்தக் கேள்வி கேட்கிற ஆள். முதல் இரண்டு வாரம் எல்லாப் பிள்ளைகளும் ஜோராகத்தான் இருப்பார்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடை அலுத்துப்போகிற ஒரு நாள் வரும். அன்றைக்கு அவன் நோட்டை எடுக்கிறானா, செல்போனை எடுக்கிறானா என்று பாருங்கள். உங்களையும் பாருங்கள், தையல் எவ்வளவு குறைந்தது என்று.

ஜூனில் மூன்று வாசல் இருக்கும். சலுகைச் சான்றுடன் பள்ளியில் தொடர்வது, அது இந்தப் பள்ளியாக இருக்க வேண்டியதில்லை, வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள், ஃபீஸும் மிச்சம். அல்லது டி.சி. வாங்கிக்கொண்டு, 14 நிரம்பியதும் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிவது. மூன்றாவது, எப்படியாவது பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் அல்லது பாலிடெக்னிக் டிப்ளமா. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமா இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேர வழி இருக்கிறது. இவன் நோட்டைப் பார்க்காமலே சொல்கிறேன், எந்த வாசலில் நுழைந்தாலும் அந்தப் பக்கம்தான் போவான். மாமியாரிடம் இந்தக் கடைசி வழியை மட்டும் சொல்லுங்கள். "படிப்பை விடலை, ஐ.டி.ஐ.க்குத் தயாராகறான்" என்றால் அவர் ஊரில் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

அந்த 60,000 ரூபாய் சென்டர். என்.ஐ.ஓ.எஸ். பதிவை இணையத்தில் நீங்களே நேரடியாகச் செய்யலாம், பதிவும் தேர்வுக் கட்டணமும் சில ஆயிரங்களில் முடிகிற காரியம். சென்டர் தருவது டியூஷன் மட்டுமே. பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பதிவு எண் பையன் பெயரில், உங்கள் செல்போன் எண்ணோடு வருமா? பாடம் நடத்துகிறவர் யார், அவரை ஒரு மணி நேரம் பார்க்கலாமா? நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? மூன்றுக்கும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "பாஸ் கேரண்டி" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.